ஐம்பது நாள் சம்பளம்

2020 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா பொதுமுடக்கம் தொடங்கி ஐந்தாவது நாள். டெல்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் முந்தைய நாள் திரண்ட கூட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. வேலையும் இல்லை, வாடகைக்கும் வழியில்லை என்றான பிறகு தொழிலாளர்கள் சொந்த ஊரைப் பார்க்க நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பதற்காக மத்திய உள்துறை அமைச்சகம் அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, யாரையும் அறையை விட்டு வெளியேற்றக் கூடாது என்றது. அவற்றோடு மூன்று வரியில் இன்னொன்றும் இருந்தது. தொழிற்சாலையோ கடையோ வணிக நிறுவனமோ எதுவானாலும், முடக்கத்தால் மூடிக்கிடக்கும் காலத்துக்கும் வேலையளிப்பவர் தம் தொழிலாளர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். உரிய தேதியில், பிடித்தம் ஏதுமின்றி, வேலை செய்யும் இடத்திலேயே தர வேண்டும்.

வேலை செய்யும் இடமோ பூட்டிக் கிடந்தது. அங்கே போவதற்கு முதலாளிக்கும் அனுமதி இல்லை, தொழிலாளிக்கும் இல்லை. ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அந்த உத்தரவுக்குள் இருந்தது. ஊர் முழுவதின் உயிரைக் காக்க அரசு ஒரு விதி போடுகிறது. அதனால் வருமானம் நின்றுபோகிறது. அந்தச் செலவை யார் ஏற்பது? உத்தரவு சொன்ன பதில்: வேலை கொடுத்தவர். அவரிடம் பணம் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால் சிறு முதலாளி நசுங்கினார் என்பது பாதிக் கதைதான். தொழிலாளிக்கும் அந்தச் சம்பளம் போய்ச் சேரவில்லை என்பதுதான் மறுபாதி. ஒன்றை மட்டும் பேசிவிட்டு மற்றதை விடுவது நியாயமாகாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 10(2)(எல்) அளித்த அதிகாரத்தைக் கொண்டு இந்த உத்தரவு போடப்பட்டது. மீறினால் அதே சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. ஆனால் வேலை தர முடியாமல் போகும் நிலையைப் பற்றி 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ஏற்கெனவே பேசியிருந்தது. மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, இயற்கைப் பேரிடர் என்று வந்தால் தொழிலாளரை ‘லே-ஆஃப்’ செய்யலாம். அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தர வேண்டும் என்றது அதன் 25சி பிரிவு. இதுவும் 50 பேராவது வேலை பார்க்கும் தொழிலகங்களுக்குத்தான், அதிலும் ஓராண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்தவர்களுக்குத்தான். கொள்ளைநோயை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாமா என்பதில் சட்டம் படித்தவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், பாதிச் சம்பளப் பொறுப்பு இருந்த பெரிய ஆலைக்கு மார்ச் 29 உத்தரவு அதை முழுச் சம்பளமாக்கியது. எந்தப் பொறுப்பும் இல்லாதிருந்த பத்துப் பேர் பட்டறைக்கும் அதே முழுச் சம்பளத்தைச் சுமத்தியது.

அந்தப் பேரிடர் சட்டத்திலேயே இன்னொரு ஏற்பாடு உண்டு. நிவாரணப் பணிக்காக உங்கள் கட்டடத்தையோ வண்டியையோ அரசு எடுத்துக்கொண்டால் அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 65, 66ஆம் பிரிவுகள் சொல்கின்றன. கல்யாண மண்டபத்தைத் தனிமைப்படுத்தும் முகாமாக்கினால் பணம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே மண்டபத்தை ‘மூடி வை’ என்று மட்டும் சொன்னால் இல்லை. எடுத்துக்கொள்வதற்கும் மூடச் சொல்வதற்கும் சட்டம் வேறுபாடு பார்க்கிறது. மண்டபத்தின் வரவு செலவு நோட்டில் அந்த வேறுபாடு இல்லை.

இப்போது திருப்பூருக்கு வருவோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் அது. பெயர் பெற்ற ஏற்றுமதி நிறுவனங்கள் சில நூறு இருக்கும். அவற்றின் பின்னால் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி யூனிட்டுகள் இருக்கின்றன. புவியியல் ஆய்வாளர் சரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004இல் வெளியிட்ட நூல் காட்டியதுபோல, இந்த ஊரின் முதலாளிகளில் கணிசமானோர் ஒரு காலத்தில் தாங்களே மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். ‘முதலாளி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் மும்பையின் பங்குச்சந்தை நிறுவனத்தையும் அனுப்பர்பாளையத்தின் வாடகை ஷெட்டையும் ஒன்றாகச் சேர்க்கும் உத்தரவு எங்கே தடுமாறும் என்பது இங்கே தெரியும்.

முப்பது பேர் வேலை பார்க்கும் ஒரு ஜாப் ஒர்க் தையல் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை ஷெட். பவர் டேபிளில் வரிசையாக ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள், பாதி தவணையில் வாங்கியவை. டெய்லர்கள், கைமடி, செக்கிங் பெண்கள், அயர்னிங் ஆட்கள். வெட்டிய துணி ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து வரும், தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கூலி பீஸ் கணக்கு அல்லது ஷிப்ட் கணக்கு. சம்பளம் சனிக்கிழமை. யூனிட்காரருக்கு நிறுவனத்திடமிருந்து பில் பணம் வரவோ இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. ஆக, இவர் வாரா வாரம் சம்பளம் போடுவது சேமிப்பிலிருந்து அல்ல. போன மாதம் தைத்துக் கொடுத்த பில் இந்த வாரம் வருவதிலிருந்து. முடக்கம் தொடங்கியது புதன்கிழமை. நடு வாரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடியதால் வாங்குவோர் ஆர்டர்களை நிறுத்தினார்கள், ஏற்கெனவே கப்பலேறிய சரக்குக்கும் பணத்தைத் தள்ளிப் போட்டார்கள். ஏற்றுமதி நிறுவனம் யூனிட்காரருக்குத் தர வேண்டியதை நிறுத்தியது. சராசரியாக மாதம் 12,000 ரூபாய் என்று வைத்தால் முப்பது பேருக்கு 3.6 லட்சம், ஐம்பது நாளுக்கு 6 லட்சம். வாடகை, மிஷின் தவணை, வட்டி தனி. வரவு சுழியம். அந்த 6 லட்சத்தை மார்ச் 29 உத்தரவு இவரிடம் கேட்டது.

இவர் விதிவிலக்கான ஆள் இல்லை. 2015-16இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 73ஆம் சுற்றுப்படி இந்தியாவில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் 6.33 கோடி. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் குறு நிறுவனங்கள். வேலை பார்ப்போர் சுமார் 11 கோடிப் பேர். இந்தக் கணக்கு அரசின் கையிலேயே இருந்தது.

யூனிட்காரரால் தர முடியவில்லை என்றால் அந்த முப்பது பேர் என்ன ஆனார்கள்? இங்கேதான் உத்தரவின் தோல்வி மிகக் கொடுமையாகத் தெரிகிறது. சிக்கித் தவித்த புலம்பெயர் தொழிலாளர்களுக்கு உதவ அப்போது உருவான ஸ்வான் என்ற தன்னார்வக் குழு, தன்னைத் தொடர்புகொண்ட 11,159 பேரின் நிலையை ஏப்ரல் நடுவில் அறிக்கையாக வெளியிட்டது. அவர்களில் 89 விழுக்காட்டினருக்கு முடக்கக் காலத்தில் வேலையளித்தவரிடமிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. உதவி கேட்டு அழைத்தவர்களின் கணக்கு என்பதால் இதை நாடு முழுவதுக்குமான விகிதமாகக் கொள்ள முடியாது. ஆனால் உத்தரவு யாரை மனதில் வைத்துப் போடப்பட்டதோ அதே மனிதர்கள்தான் இவர்கள்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கட்டடத் தொழிலாளியைக் கேட்டால் மேஸ்திரியின் பெயரைச் சொல்வார். மேஸ்திரி ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். ஒப்பந்தக்காரர் கட்டுமான நிறுவனத்திடம் பில் நிலுவை என்பார். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு ‘பிடித்தம் இல்லாத முழுச் சம்பளம்’ என்பது எவ்வளவு? அதை எங்கே போய்க் கேட்பது? தொழிலாளர் துறை ஆய்வாளரும் அந்த வாரங்களில் வீட்டுக்குள்தான் இருந்தார். உத்தரவு வெளிவந்த பிறகும் மக்கள் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டே இருந்தார்கள். அவர்களை நிறுத்தியிருக்கக்கூடியது கையில் வரும் பணம் ஒன்றுதான்.

அரசால் அந்தப் பணத்தைக் கையில் சேர்த்திருக்க முடியாதா? முடியும் என்பதற்கு அரசே சான்று வைத்திருக்கிறது. 100 பேர் வரை வேலை பார்க்கும், அவர்களில் 90 விழுக்காட்டினர் 15,000 ரூபாய்க்குக் கீழ் சம்பளம் வாங்கும் நிறுவனங்களில், முதலாளி பங்கு 12 விழுக்காடு, தொழிலாளி பங்கு 12 விழுக்காடு என்று பி.எஃப். தொகை முழுவதையும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்திய அரசு கட்டியது. ஏறத்தாழ 39 லட்சம் பேரின் கணக்கில் அது வரவானது. அதாவது, சிறு நிறுவனம் எது, அதில் வேலை பார்ப்பவர் யார், அவருடைய கணக்கு எது என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. அதே பட்டியலை வைத்து அதே வழியில் பாதிச் சம்பளத்தை அனுப்பியிருக்கலாம். அனுப்பியதோ ஓய்வுக்காலச் சேமிப்புக்கான பங்கை. அதையும், அந்த மாதச் சம்பளத்தை முதலாளி கொடுத்துவிட்டதாகச் சான்றளித்தால்தான். சம்பளம் போட முடிந்த நிறுவனத்துக்கு உதவி கிடைத்தது. போட முடியாத நிறுவனத்துக்குத்தான் உதவி தேவைப்பட்டது, அதற்குக் கிடைக்கவில்லை. தொழிலாளிக்குத் திறந்துவிடப்பட்ட இன்னொரு வழி, மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் முக்கால் பங்கு, இரண்டில் குறைந்ததை, தன் சொந்த பி.எஃப். கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வது. லட்சக்கணக்கானோர் எடுத்தார்கள். முதுமைக்கென்று வைத்ததைத் தின்று அந்தக் கோடையைக் கடந்தார்கள்.

இ.எஸ்.ஐ. பக்கமும் ஒரு வாசல் இருந்தது. வேலையிழந்தவருக்குச் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு தரும் திட்டம் அங்கே முன்பே உண்டு. அதைப் பாதியாக உயர்த்தி, 90 நாள் வரை தரலாம், முதலாளி வழியாக அல்லாமல் தொழிலாளி நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தினார்கள். நல்ல முடிவு. எடுத்தது 2020 ஆகஸ்டில். தொழிலாளி நெடுஞ்சாலையில் நடந்தது மார்ச்சில்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்க்கும்போது பிரிட்டனைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். வேலைக்கு வர முடியாத ஊழியருடைய சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, கருவூலமே ஏற்றது. 2021 செப்டம்பர் முடிய ஒரு கோடியே பதினேழு லட்சம் வேலைகளுக்கு அந்த உதவி போனது. செலவு ஏறத்தாழ 7,000 கோடி பவுண்டு. பணக்கார நாடு, எல்லோரும் வரிக் கணக்கில் இருக்கும் நாடு, அதோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். கேள்வி சரிதான். அதனால் வங்கதேசத்தைப் பார்ப்போம். திருப்பூரின் நேரடிப் போட்டியாளர். 2020 மார்ச் 25 அன்றே அந்த அரசு ஏற்றுமதித் தொழிலாளர் சம்பளத்துக்கென்று 5,000 கோடி டாக்கா அறிவித்தது. ஆலைகளுக்கு 2 விழுக்காடு சேவைக் கட்டணத்தில் கடன்; ஆனால் பணம் ஆலை முதலாளியின் கைக்குப் போகாமல் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கோ கைபேசிக் கணக்குக்கோ போக வேண்டும். குறைகள் இருந்தன. என்றாலும் சம்பளம் போடச் சொன்ன அரசு, போடுவதற்கான பணத்துக்கும் ஒரு வழி காட்டியது.

இலங்கையின் வழி வேறு. அரசும் வேலைகொள்வோர் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வேலைக்கு அழைக்கப்படாத தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தருவதென்று 2020 மேயில் உடன்பட்டார்கள். தொழிலாளிக்கு அது போதாத தொகை. ஆனால் மூன்று தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட தொகை என்பதால் அதைக் கேட்டு நிற்க அவருக்கு ஓர் ஆதாரம் இருந்தது. இந்தியாவில் அந்தப் பேச்சே நடக்கவில்லை. முத்தரப்பு மாநாடு நடத்தும் மரபு சுதந்திரத்துக்கு முன்பிருந்தே நமக்கு உண்டு என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பேச்சு நடக்க வேண்டிய இடத்தில் வழக்கு நடந்தது. பெங்களூரின் ஃபைகஸ் பேக்ஸ் என்ற பொதிகட்டும் நிறுவனமும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அரசு முடக்கம் போட்டதால் மூடிய கடைக்கு முதலாளி ஏன் முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். இயலாது என்று சொல்பவர்கள் தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையைக் காட்டட்டும் என்றது மத்திய அரசு. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை அது சரியான கேள்வி. முந்தைய ஆண்டு லாபத்தில் பங்கு ஈவு கொடுத்துவிட்டு இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கையை விரித்த நிறுவனங்களுக்கு என்னிடம் இரக்கம் இல்லை. ஆனால் அதைக் கேட்பதற்கான நேரம் மார்ச் 29. உத்தரவு போடும்போதே இந்த அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தாமே தர வேண்டும், கீழே உள்ளவற்றுக்கு அரசு தரும் என்று ஒரு கோடு கிழித்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, மே 17 அன்று வந்த புதிய உத்தரவு, முந்தைய உத்தரவுகள் மறுநாள் முதல் செல்லாது என்றது. முழுச் சம்பள விதி அத்தோடு மறைந்தது. அது உயிரோடிருந்த ஐம்பது நாளின் கதி என்ன? நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு ஜூன் 12 அன்று இடைக்கால ஆணை தந்தது: முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை கூடாது, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் தொழிலாளர் துறையை அணுகட்டும். சங்கம் வலுவாக உள்ள ஆலையில் அப்படிப் பேசலாம். பீகாருக்கோ ஒடிசாவுக்கோ திரும்பிப் போய்விட்ட டெய்லர் யாரோடு பேசுவார்?

அதன் பிறகு 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையும் சுற்றுவட்டாரமும் மீண்டும் முழுமையாக மூடப்பட்டன. 2021 மேயில் தமிழ்நாடு முழுவதும் மூடப்பட்டது. அந்த நாட்களின் சம்பளத்துக்கு மத்திய அரசிடமிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. முதல் முறை எல்லாச் சுமையும் முதலாளிமேல். அடுத்த முறைகளில் எல்லாச் சுமையும் தொழிலாளிமேல்.

தொழில்களுக்கு அரசு கொடுத்தது பெரும்பாலும் கடன். தவணைகளை ஆறு மாதம் ஒத்திவைத்தார்கள், வட்டி ஓடிக்கொண்டிருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2021 மார்ச்சில். மே 2020இல் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் உத்தரவாதக் கடன் பலரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் ஏற்கெனவே வங்கியில் கடன் பாக்கி வைத்திருப்பவருக்குத்தான் அது, பாக்கியில் 20 விழுக்காடு வரை. நகையை வைத்தும் கந்துவட்டிக்கு வாங்கியும் பட்டறை நடத்தியவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

மின்கட்டணத்தையும் சொல்ல வேண்டும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகள் மின்சாரம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒப்புக்கொண்ட அளவில் 90 விழுக்காட்டுக்குக் கேட்புக் கட்டணம் கட்ட வேண்டும். மூடச் சொன்னது அரசு. மூடிய ஆலைக்கு அந்தக் கட்டணத்தைக் கேட்டதும் அரசின் மின்வாரியம். சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தலையிட்டு 20 விழுக்காடு போதும் என்ற பிறகுதான் நூற்பாலைகள் மூச்சுவிட்டன.

விதிகள் துண்டு துண்டாக வந்ததால் விளைந்த நஷ்டம் எந்தப் புள்ளிவிவரத்திலும் முழுதாக ஏறவில்லை. சரக்கு லாரிக்கு அனுமதி உண்டு; பஞ்சர் கடைக்கும் சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்கும் ஏப்ரல் நடுவில்தான் அனுமதி வந்தது. அத்தியாவசியம் எது என்ற பட்டியலை டெல்லி எழுதியது, சென்னை திருத்தியது. சோதனைச் சாவடிக் காவலர் தம் கையில் இருந்ததைப் படித்தார். படித்தபடி நடக்கக் கையில் லத்தியும் இருந்தது. சாத்தான்குளத்தில் அனுமதித்த நேரத்துக்குப் பிறகும் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாளில் அடுத்தடுத்து இறந்தார்கள். காவலர்கள்மீது மத்திய புலனாய்வுத் துறை கொலைக் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது. கடை மூடும் நேரம் என்ற ஒரு நிர்வாக விதி எதுவரை போக முடியும் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல எனக்குச் சொல் இல்லை.

நெருக்கடியைக் காரணம் காட்டி மறு திசையிலும் இழுத்தார்கள். குஜராத் அரசு ஏப்ரலில் 12 மணி நேர வேலையை அனுமதித்தது, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி இல்லை என்றது. கொள்ளைநோய் என்பது தொழிற்சாலைச் சட்டம் சொல்லும் பொது நெருக்கடி ஆகாது என்று அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதலாளியின் சுமையைத் தொழிலாளியின் முதுகுக்கு மாற்றுவதைத் தீர்வு என்று அழைக்க முடியாது. அரசின் கருவூலத்தைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டுப் பார்த்த ஆண்டு அது.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1947 சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு இருக்கிறது. 300 பேருக்குக் குறைந்த ஆலைகள் ஆட்குறைப்புக்கும் மூடுதலுக்கும் அரசிடம் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்பு அந்த எல்லை 100. லே-ஆஃப் நாட்களுக்குப் பாதிச் சம்பளம், 50 பேராவது இருந்தால் மட்டும் என்ற பழைய ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. நாளைக்கே இன்னொரு நோய் வந்து அரசு கதவை மூடச் சொன்னால், முப்பது பேர் வேலை பார்க்கும் அந்தத் தையல் யூனிட்டில் சனிக்கிழமைச் சம்பளத்தை யார் தர வேண்டும் என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் இன்னும் ஒரு வரி கிடையாது.